வாகை நின்ற மூலையில் இடது பக்கம்

எங்கள் ஊரில் வழி கேட்டால் இல்லாதவற்றைத்தான் அடையாளம் சொல்வார்கள். கிளிநொச்சிக்கு வந்து யாரையாவது நிறுத்தி, தபால் கந்தோருக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள். பழைய பெற்றோல் செற் இருந்த இடத்தால் போய், வாகை நின்ற மூலையில் இடது பக்கம் திரும்பி, அரிசி ஆலை இருந்த வளவுக்கு நேரெதிரே என்பார்கள். பெற்றோல் செற் இப்போது இல்லை. வாகையும் இல்லை, ஆலையும் இல்லை. அந்த இடங்களில் ஒரு வங்கியும் போன் விற்கும் கடையும் கண்ணாடிக் கதவு போட்ட உடுப்புக்கடையும் இருக்கின்றன. அவற்றை ஒருவரும் சொல்வதில்லை. புதிதாகக் கட்டியது எத்தனை காலம் நிற்கும் என்று எங்களுக்கு நிச்சயமில்லை. விழுந்தது இனி விழப்போவதில்லை, அதனால் அதை நம்பி வழி சொல்லலாம்.

இதில் ஒரு பிழை இருக்கிறது என்று எனக்கு அறுபது வயதுவரை தெரியாது. தெரிந்தபோது அதைப் பற்றி வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள். பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி என்று எது நடந்தாலும் ஒலிவாங்கியை என் கையில்தான் தருவார்கள். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் என் குரலை ஊருக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்பு, நகரத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். முப்பது வயது இருக்கும். என்னிடம் படித்தவள் இல்லை, ஆனாலும் "ரீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள்.

"ரீச்சர், எங்கடை ரவுணிலை பழைய இடங்களைப் பாக்க வாற ஆக்களுக்குக் காட்ட ஆளில்லை. நாங்கள் காதிலை கேக்கிற வழிகாட்டி ஒண்டு செய்யப்போறம். போனிலை அழுத்தினால் சரி, நடக்க நடக்க கதை வரும். நீங்கள்தான் எழுதித் தந்து வாசிக்கவும் வேணும்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். புகையிரத நிலையத்தில் தொடங்கி, கந்தசாமி கோயில், பழைய சந்தை, வாகை நின்ற மூலை, கண்டி வீதியைக் கடந்து முதன்முதல் குடியேறியவர்களுக்குக் காணி பிரித்துக் கொடுத்த வாய்க்கால்கரை என்று நடந்து, கடைசியில் குளக்கட்டில் ஏறி நின்று காற்று வாங்குவதோடு முடியும். சில இடங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "கவனமா எழுதுங்கோ ரீச்சர்" என்றுதான் சொன்னாள். அதற்கு என்ன பொருள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நானும் கவனமாக எழுதினேன்.

வாகை மூலையைப் பற்றி மட்டும் மனம்விட்டு எழுதினேன். அந்த மரத்தின் கீழேதான் எங்கள் குடும்பத்தை லொறியிலிருந்து இறக்கினார்கள். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று, உடுத்த உடுப்போடு ஓடி வந்த குடும்பங்கள் நாங்கள். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. தோட்டத்துக் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடு வன்னி வெயிலில் இறங்கினேன். அதைக் கழற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மா மூன்று கல்லை வைத்து உலை வைத்தது அந்த நிழலில்தான். மரம் பிறகு சண்டைக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

குரல் பதிவு செய்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்த ஒரு சின்ன அறை. சத்தம் வரும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். வியர்த்து ஊற்றியது. அந்தப் பிள்ளை தண்ணீர் தந்துவிட்டு, "சிரிச்சுக்கொண்டு வாசியுங்கோ ரீச்சர். சிரிச்சால் அது குரலிலை கேக்கும்" என்றாள். எனக்கு அது புதுக் கதையாக இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே வாசித்தேன். "வாகை நின்ற மூலையில் இடது பக்கம் திரும்புங்கள்" என்பதையும் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். அவளும் கேட்டாள், பதிவு செய்த பெடியனும் கேட்டான். மூன்று பேரும் இந்த ஊர் ஆட்கள். ஒருவருக்கும் அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அப்போது என் வீட்டுக்காரருக்குக் கண் ஓரளவு தெரிந்தது.

அவர் அரச பஸ் ஓட்டியவர். வவுனியா, பளை, ஒட்டுசுட்டான் என்று அவர் ஓடாத பாதை இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் யானை குறுக்கே நின்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அது தானாகப் போகும்வரை பேசாமல் இருப்பாராம். அந்தப் பொறுமையில் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டு வந்திருக்கலாம். சீனி வருத்தம், நீரிழிவுதான், முதலில் காலைத் தொட்டது, பிறகு கண்ணைப் பிடித்தது. யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கும் வவுனியாவுக்கும் மாறி மாறி அலைந்தோம். ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள். இடது கண் முற்றாகப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னபோது, "அப்ப இனி இஞ்சை வரத் தேவையில்லை" என்று இவர் எழும்பிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அங்கே இல்லாத பிரேக்கை அவர் கால் அழுத்திக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு நான் அவருடைய கொண்டக்டர் ஆனேன். படி, கவனம், இறங்குங்கோ, நில்லுங்கோ. காலையில் பல்லுத் தீட்டுவதிலிருந்து இரவு நுளம்பு வலைவரை என் வாயில் வேறு சொல் இல்லை. சோற்றுக் கோப்பையில் மீன் எந்தப் பக்கம், முள் எடுத்ததா, எடுக்காததா என்று சொல்ல வேண்டும். ஊசி போட வேண்டும். அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருமுறை றோட்டுக்கரையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தார். அதிலிருந்து அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். போனில் "அம்மா, நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்கோ" என்பார்கள். எங்கே இருந்து எடுப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் களைத்துப்போனேன். சமைத்த களைப்பு படுத்தால் போய்விடும். ஒருவர் எந்நேரமும் விழுந்துவிடுவார் என்று உடம்பை இறுக்கி வைத்திருக்கிற களைப்பு படுத்தாலும் கூடவே படுக்கும்.

அவருக்கு வேண்டியிருந்தது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. கண்டி வீதிக்கு அந்தப் பக்கம், சந்திக்கு அருகே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ஓய்வு பெற்ற சாரதிமார் பின்னேரத்தில் அங்கே கூடுவார்கள். பழைய பஸ்களைப் பற்றியும் செத்துப்போன அதிகாரிகளைப் பற்றியும் கதைப்பார்கள். நான் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்துவேன். என்னைக் கண்டதும் அந்த மனிசர் கதையை நிறுத்திவிட்டு, "வாங்கோ ரீச்சர், இருங்கோ ரீச்சர்" என்பார்கள். நான் வெளியில் மர வாங்கில் இருந்தாலும் உள்ளே ஒருவரும் வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். கெட்ட வார்த்தை இல்லாமல் பழைய சாரதிமாருக்கு என்ன கதை இருக்கிறது?

"பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுற மாதிரி என்னைக் கொண்டுபோறீர்" என்று ஒருநாள் வழியில் கத்தினார். "எனக்கு அங்கை தனியப் போகவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"தனியப் போய் ஆற்றையும் பஸ் சில்லுக்குள்ளை விழுங்கோ" என்று நானும் கத்தினேன்.

அவருக்கு அந்தக் கடைக்குத் தனியே போக வேண்டும். எனக்கு அவர் போயிருக்கிற அந்த நேரம் வேண்டும். இரண்டு பேரும் ஒன்றைத்தான் கேட்டோம். அதற்காகத் தினமும் சண்டை பிடித்தோம்.

போன மாரிக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. எழும்ப முடியவில்லை. அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி ஐந்து நிமிடத்துக்கொருமுறை "இஞ்சாரும், இருக்கிறீரோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் எழும்பிப் போய், அவருடைய போனில் அந்த வழிகாட்டியைப் போட்டு, காதில் செருகிவிட்டேன்.

"இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருங்கோ. என்னைக் கொஞ்சம் படுக்க விடுங்கோ."

நான் உள்ளே படுத்திருந்தேன். வெளியே அவர் "ஓம்" என்று சொல்வது கேட்டது. பிறகு "ஓமோம்" என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரித்துக் கேட்டுக் கனகாலம்.

"அவா நல்லாச் சொல்லுறா" என்றார்.

"ஆர் அவா?"

"இதுக்குள்ளை கதைக்கிறவா."

"அது நான்தானே!"

"தெரியும். எண்டாலும் அவா வேறை மாதிரி. 'தயவுசெய்து' எண்டு சொல்லுறா. 'சற்று இளைப்பாறுங்கள்' எண்டு சொல்லுறா. நீர் எப்ப எனக்கு இளைப்பாறச் சொன்னனீர்?"

எனக்கு எரிந்தது. காய்ச்சல் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எனக்கு நீர், அவளுக்கு அவா. என் குரலைப் பார்த்தே நான் பொறாமைப்பட வேண்டி வந்துவிட்டது. அவள் மெத்தை சாத்திய அறைக்குள் இருந்து சிரித்துக்கொண்டு வாசித்தவள். அவள் மீனுக்கு முள் எடுக்கவில்லை, குளியலறைக்கு வெளியே நிற்கவில்லை. அவளுக்கு என்ன, ஆயிரம் தடவை தயவுசெய்து சொல்லலாம்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவர் அதை விடவில்லை. கதிரையில் இருந்தபடியே நாள்தோறும் நகரத்தைச் சுற்றி வந்தார். பிறகு ஒருநாள் காலையில், "வாரும், இதைக் கேட்டுக்கொண்டு நடந்து பாப்பம். நீர் பின்னாலை வாரும். ஒண்டும் சொல்லக்கூடாது. அவா சொல்லட்டும்" என்றார்.

எங்கள் வீடு புகையிரத நிலையத்துக்குக் கிட்ட இருப்பதால் அவா சொல்லத் தொடங்கும் இடம் எங்கள் ஒழுங்கை முகப்புத்தான். ஒரு காதில் அவா, மற்றக் காதில் ஊர். கையில் தடி. நான் பின்னால் போனேன். பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. கடைக்காரர் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "என்ன ரீச்சர், பின்னாலை போறியள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் பிழைவிடாமல் நடந்தார். கோயில் மணிக்கு நின்றார், கும்பிட்டார். பழைய சந்தை இருந்த வெளியில் அவா சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டி நடந்தார். வாகை நின்ற மூலைக்கு வந்ததும் நிழலுக்குள் வந்தவர் போல வேகத்தைக் குறைத்தார். அங்கே போன் கடையும் அதன் வாசலில் பாட்டுப் பெட்டியும்தான் இருந்தன. முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினார். பிறகு இடது பக்கம் திரும்பினார். கண் தெரியாதவருக்கு நிற்கிற மரமும் நிற்காத மரமும் ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதிய வழி அவருக்காகவே எழுதியது போல இருந்தது. நான் கைகளை வீசிக்கொண்டு நடந்தேன். பல மாதங்களாக என் வலது கையில் எப்போதும் அவருடைய முழங்கை இருந்தது. வெறுங்கையோடு நடப்பது இவ்வளவு சுகம் என்பதை மறந்துபோயிருந்தேன்.

கண்டி வீதிக் கரைக்கு வந்தோம். "இப்போது கவனமாக வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் வாருங்கள்" என்று நான் எழுதியிருந்தேன். அவா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவர் காலைத் தூக்கி வைத்துவிட்டார்.

மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று பரந்தன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. நான் கத்திய கத்தலை என் பள்ளிக்கூட மைதானத்தில்கூடக் கத்தியதில்லை. பின்னால் சேட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் புழுதிக்குள் விழுந்தோம். டிப்பர்காரன் கோனை அலற அடித்துக்கொண்டே போனான். அவர் சேட்டின் பொத்தான்கள் தெறித்துப்போயின.

"அவா கடக்கச் சொன்னவா!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அவாவுக்குக் கண் இருக்கோ? அவா டிப்பரைக் கண்டவாவோ?"

அவர் நிலத்தில் தடியைத் தடவித் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அவாவுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை" என்றார். "ரெண்டு குருடும் சேந்து இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்."

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் காதிலிருந்து அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். கடைக்குப் போக வேண்டும் என்ற கதையையும் அத்தோடு விட்டுவிட்டார். அவர் கேட்காமல் இருந்தது, கேட்டுக் கத்தியதைவிட எனக்குப் பாரமாக இருந்தது. விறாந்தையில் காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு இருந்தார்.

அந்தக் கிழமைதான் நிறுவனத்துப் பிள்ளை மறுபடி வந்தாள். வந்து இருந்து, தண்ணீர் குடித்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வாகை நின்ற மூலையைத் தேடி வெயிலில் நீண்ட நேரம் நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஓட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் போன் கடையைக் காட்டி, "உதுதான் வாகை" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள், ஓட்டோக்காரர் தங்களைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போய், இந்த வழிகாட்டி முழுக்கப் பிழை என்று இணையத்தில் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

"ரீச்சர், நானும் எத்தினை தரம் கேட்டனான். எனக்கு அது பிழையாவே தெரியேல்லை" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "திருப்பிச் செய்யவேணும் எண்டு சொல்லுகினம். இப்ப இருக்கிற கடையள், பாங்குகளை வைச்சு வழி சொல்லவேணும். நீங்களே வந்து வாசிப்பியளோ?" என்று கேட்டாள்.

"எனக்கு ஏலாது பிள்ளை. வாசிக்க ஏலும், சிரிச்சுக்கொண்டு வாசிக்க ஏலாது. வேறை ஆரையும் பிடியுங்கோ" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பாள். பழையதை எடுத்துவிட்டுப் புதிய குரலில் போடுவதாகச் சொன்னாள். விறாந்தைப் பக்கமிருந்து இவர் கேட்டார்: "அப்ப வாகை?"

"வாகையின்ரை கதை அப்பிடியே இருக்கும், ஐயா. திரும்புறதுக்கு மட்டும் போன் கடையைச் சொல்லுவம்."

"போன் கடை எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லுமுன் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் போன பிறகு நான் குசினிக்குள் நின்று யோசித்தேன். புதிய குரல் வந்தாலும் அது இவரை டிப்பருக்கு முன்னால்தான் கொண்டுபோய் விடும். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது இவருக்கு உதவாது. அதற்காக நான் சாகும்வரை இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு திரியவும் முடியாது. எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, மூட்டு நோ இருக்கிறது, இவரைவிட நான் முந்திப் போகவும் கூடும். அந்த நினைப்பு எனக்கு முதல்முறை வந்தது. பயமாக இருக்கவில்லை, அலுப்பாக இருந்தது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்காவை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, என் போனையும் எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்தேன். பதிவை அழுத்திவிட்டு, நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டு போனேன். எழுதி வைத்து வாசிக்கவில்லை. தயவுசெய்தும் இல்லை.

"கேற்றாலை வெளிக்கிட்டு வலப் பக்கம் வாங்கோ. மதிலைத் தடியாலை தொட்டுக்கொண்டு வாங்கோ. மதில் முடியிற இடத்திலை நாய் ஒண்டு படுத்திருக்கும், அது கடிக்காது, குலைக்கும். இதிலை மணல், கால் புதையும். இப்ப கான் மூடி வரும், மிதிச்சால் ஆடும், பயப்பிடாதேங்கோ. நீங்கள் விழுந்த கான் இதுதான். வாகை நிண்ட மூலையிலை பாட்டுச் சத்தம் கேக்கும், அந்தச் சத்தத்தை முதுகுக்கு விட்டுட்டு இடப் பக்கம் திரும்புங்கோ..."

எனக்கு மூச்சு வாங்கியது. அது பதிவில் அப்படியே இருக்கிறது. பாண் ஓட்டோ, நாய், யாரோ "ரீச்சர், தனியக் கதைச்சுக்கொண்டு போறியள்" என்று கேட்டது, எல்லாம் இருக்கிறது. கண்டி வீதிக் கரைக்கு வந்து, நாங்கள் விழுந்த அதே புழுதியில் நின்றேன்.

"இதிலை நில்லுங்கோ. ஒரு அடி முன்னுக்கு வைக்காதேங்கோ. ஆரும் பக்கத்திலை நிப்பினம், கேளுங்கோ. கடத்தி விடச் சொல்லிக் கேளுங்கோ. வெக்கப்படாதேங்கோ. இஞ்சை நான் இல்லை."

அதைச் சொன்ன பிறகும் அங்கேயே நின்றேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் லொறிகள் போகும் சத்தம் மட்டும்தான் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு நான் மூக்கை உறிஞ்சிவிட்டு, கடை வாசலில் எத்தனை படி என்று சொல்வது கேட்கும்.

அவர் அதைக் கதிரையில் இருந்தபடி ஒருமுறை முழுக்கக் கேட்டார். முகம் அசையவில்லை.

"அவா எங்கை?"

"அவா இல்லை. இது நான்தான்."

"களைச்சுப்போய்க் கதைக்கிறீர்."

"ஓம்."

அன்று பின்னேரம் முகம் கழுவி, நான் இஸ்திரி போட்டு வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, தடியோடு கேற்றைத் திறந்து போனார். யாரிடமும் உதவி கேட்காத மனிசர். வழி பிழைத்தால் எரிபொருள் முடியும்வரை ஓடுவாரே தவிர, இறங்கி ஒருவரிடம் கேட்க மாட்டார் என்று அவருடைய பழைய கொண்டக்டர்மார் சொல்வார்கள். கேட்பாரா, கேட்காமல் காலை வைப்பாரா என்று எனக்குத் தெரியாது. பின்னால் போக என் கால் துடித்தது. போனால் என் செருப்புச் சத்தத்தை அவர் அறிவார். போகவில்லை.

இவ்வளவு காலமும் கேட்டு அழுத அந்த நேரம் கிடைத்தது. படுப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். குசினித் தரையில் போய் இருந்துகொண்டேன். தேத்தண்ணி ஊற்றி, அதைக் குடிக்காமல் ஆற விட்டேன். கண்டி வீதியில் கோன் சத்தம் கேட்கும் போதெல்லாம் தலையைத் தூக்கினேன். எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை. கேற் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன்.

வந்து நின்றார். வாயில் உழுந்து வடை மணத்தது.

"வடை சாப்பிட்டியளோ?"

"ஒண்டு."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

தடியை மூலையில் சாத்தினார். வழக்கமாக இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு அவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடத்தி விட்டது ஆர்?"

"ஆரோ. கையைப் பிடிச்சவன்." சேட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் நல்லாயிருக்கு. கான் மூடியும் சொன்ன மாதிரி ஆடுது. அந்தக் கண்டி வீதியிலை நீர் சொல்லுற ஒரு கதை, அதை மட்டும் எடுத்துப்போடும்."

"எது?"

"நான் இல்லை எண்டு சொல்லுறீர். ஒவ்வொருநாளும் அதிலை நிண்டு அதைக் கேக்க ஏலாது."

"நாளைக்கு எடுக்கிறன். இண்டைக்குப் பஞ்சியாக் கிடக்கு" என்றேன்.

எடுக்கவில்லை. அதை மட்டும் எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். நிறுவனத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் செய்து தந்திருப்பாள். கேட்கவில்லை. அவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மழை இல்லாத பின்னேரங்களில் எல்லாம் போய் வருகிறார். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குப் புதிய குரல் வந்துவிட்டது. நல்ல சிரித்த குரல். வங்கியைச் சொல்கிறது, போன் கடையைச் சொல்கிறது.

போன மாதம் ஒருநாள் அவர் வெளிக்கிட்டுப் போன பிறகுதான் வீட்டில் தேங்காய் இல்லை என்று கண்டேன். பையை எடுத்துக்கொண்டு குறுக்கு ஒழுங்கையால் சந்திக்குப் போனேன். தேங்காயை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கண்டி வீதிக் கரையில் அவர் நின்றார். நான் நினைத்ததைவிட மெதுவாக நடந்து வந்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் இடையே இரண்டு பாகத் தூரம்கூட இருக்காது. நான் அப்படியே நின்றுவிட்டேன். செருப்பு அசையாமல் நின்றேன். அன்றைக்கு அவர் காதில் ஒன்றும் செருகவில்லை. போனைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்து, சத்தமாக விட்டிருந்தார். லொறிச் சத்தத்துக்கு நடுவே என் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது.

"வெக்கப்படாதேங்கோ. இஞ்சை நான் இல்லை."

"தெரியும்" என்று அவர் பொக்கற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு கையை முன்னால் நீட்டி, கொஞ்சம் உரத்து, "ஆரும் நிக்கிறியளோ?" என்று கேட்டார்.

நான் நின்றேன். நான் பேசவில்லை. என் கை தன்பாட்டில் அவர் முழங்கையை நோக்கிப் போனது. பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சந்தைக்கு வந்த ஒரு மனிசி, கீரைக் கட்டுகளைத் தலையில் வைத்திருந்தவள், "நான் நிக்கிறன் ஐயா, வாங்கோ" என்று வந்து அவர் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தார்கள். பார்க்க முடியாத அவரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடை வாசலில் ஏறும்போது உள்ளே யாரோ கெட்ட வார்த்தையில் அவரை வரவேற்றார்கள். அவர் சிரித்தார்.

நான் தேங்காய்ப் பையோடு வாகை நின்ற மூலையால் திரும்பி வீட்டுக்கு வந்தேன். கேற்றைச் சாத்தினேன். பாயை விரித்துப் படுத்தேன். அன்றைக்கு நித்திரை வந்தது.